சர்க்கரை இனிப்புக்கு மட்டுமில்லை: குக்கீ முதல் மக்கரோன் வரை

காபிக்குச் சர்க்கரை கூடவா, குறைவா என்பது குடிப்பவர் விருப்பம். ஒரு கரண்டி குறைத்தால் இனிப்பு குறையும், அவ்வளவுதான். காபி காபியாகவே இருக்கும். இதே பழக்கத்தைக் குக்கீக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். செய்முறையில் 200 கிராம் சர்க்கரை என்று இருப்பதைப் பார்த்ததும் "அடேயப்பா!" என்று 100 கிராமாக்கிவிடுகிறோம். ஆனால் ஓவனிலிருந்து வெளியே வருவது இனிப்பு குறைந்த குக்கீ அல்ல. பரவாமல் உருண்டையாகவே நின்று, வெளிறிப்போய், கடித்தால் வறட்டு கேக்காக இருக்கும் வேறு ஏதோ ஒன்று. பழி ஓவன் மேலும் வெண்ணெய் மேலும் விழுகிறது.

சர்க்கரை என்றால் சுவைக்குப் போடுவது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். குக்கீ, பிஸ்கட், மெராங் (வெள்ளைக்கரு நுரையில் செய்வது), மக்கரோன் (பாதாம் மாவில் செய்யும் பிரெஞ்சுப் பண்டம்) போன்ற சின்னச் சின்ன இனிப்புகளில் சர்க்கரை ஒரு கட்டுமானப் பொருள். கலவையில் இருக்கும் கொஞ்சத் தண்ணீர் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. குக்கீ பரவுமா, மொறுமொறுக்குமா, சவ்வு மாதிரி இழுபடுமா, மக்கரோனின் மேல்தோல் வெடிக்குமா, வெடிக்காதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

தண்ணீருக்கு நடக்கும் குழாயடிச் சண்டை

ஒரே ஒரு குழாய். அதில் வருவதோ நூல் மாதிரித் தண்ணீர். சுற்றிலும் குடத்தோடு நாலைந்து பேர். குக்கீ மாவுக்குள் நிலைமை ஏறக்குறைய இதுதான். ரொட்டிக்குத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிப் பிசைகிறோம். குக்கீக்குப் பெரும்பாலும் தனியாகத் தண்ணீரே ஊற்றுவதில்லை. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர். முழு முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக மொத்தம் கிடைப்பது அவ்வளவுதான்.

வரிசையில் நிற்பவர்களில் முதல் ஆள் மைதாவில் இருக்கும் புரதம். அதில் இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரில் நனைந்து, பிசையப்படும்போது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன. இழுத்தால் நீளும் இந்த வலைக்குப் பெயர் குளூட்டன். ரொட்டிக்கு உயிரே அதுதான். குக்கீயில் அது அதிகமானால் பல்லுக்கு வேலை வைத்துவிடும். இரண்டாவது ஆள் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. சூடேறும்போது தண்ணீரைக் குடித்து உப்பிக் குழைவது இதன் குணம். கஞ்சி கெட்டியாவது இதனால்தான்.

மூன்றாவதாக வந்தாலும் முண்டியடித்து முன்னே போய்விடுவது சர்க்கரை. நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்ரோஸ். தண்ணீர் என்றால் அதற்கு அப்படியொரு ஆசை. அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் உப்புதான் கரையும். அதே தண்ணீரில் சர்க்கரை ஏறத்தாழ 200 கிராம் கரையும். கொதிநிலையை நெருங்கினால் 480 கிராமுக்கும் மேல். சர்க்கரையும் தண்ணீரும் கலந்தபின் அந்தத் தண்ணீர் மற்றவர்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது.

விளைவு என்ன? மைதாப் புரதத்துக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காததால் குளூட்டன் வலை அரைகுறையாகவே உருவாகிறது. ஸ்டார்ச்சுக்கும் தட்டுப்பாடு. பல குக்கீகளில் அதில் பெரும்பகுதி முழுதாக உப்பாமலேயே வெந்து முடிகிறது. குக்கீ "பொலபொல"வென்று உடைவதில் பாதிப் புண்ணியம் இந்தத் தட்டுப்பாட்டுக்குச் சேரும். மீதி வெண்ணெய்க்கு. அது மைதாத் துகள்களைப் பூசி மெழுகித் தண்ணீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வெண்ணெயைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சர்க்கரைக்கு இந்தப் பெயர் கிடைப்பதே இல்லை.

இப்போது சர்க்கரையைப் பாதியாக்கினால் நடப்பதும் புரியும். வரிசையில் முன்னால் நின்றவர் பாதி விலகிவிட்டார். அந்தத் தண்ணீர் புரதத்துக்கும் ஸ்டார்ச்சுக்கும் போய்ச் சேர்கிறது. மாவு சீக்கிரம் இறுகுகிறது. பரவ வேண்டிய குக்கீ நின்ற இடத்திலேயே கேக்காகிவிடுகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குக்கீ மாவில் தண்ணீர் குறைவு, அதற்குப் போட்டி அதிகம், சர்க்கரை அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால்தான் குக்கீ ரொட்டியாக மாறாமல் இருக்கிறது.

ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தால்

குக்கீ வேகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓவன் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான பாடம் எந்தச் செய்முறைக் குறிப்பிலும் கிடையாது. விளக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் உருண்டையின் அடி ஓரம் பளபளக்கத் தொடங்கும். வெண்ணெய் உருகுகிறது. 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே அது முழுதாக இளகிவிடும். உருண்டையின் தோள்கள் சரியும். இதே சமயத்தில் அதுவரை கரையாமல் மணலாக இருந்த சர்க்கரையும் சூட்டில் கரையத் தொடங்குகிறது. இங்கேதான் சூட்சுமம். திடப்பொருளாக இருந்த சர்க்கரை கரைந்து பாகாகும்போது, கலவையில் திடம் குறைகிறது, திரவம் கூடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலேயே மாவு இளகிப்போகிறது. குக்கீ வட்டமாகப் பரவுவது இதனால்தான்.

பரவுவது எப்போது நிற்கும்? முட்டைப் புரதம் இறுகும்போது, ஓரங்களில் ஈரம் ஆவியாகும்போது. முட்டையின் வெள்ளைக்கரு சாதாரணமாக 60 டிகிரிக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கும். சர்க்கரை அதையும் தாமதப்படுத்துகிறது. ஸ்டார்ச் குழைவதையும் கூடுதல் வெப்பநிலைக்குத் தள்ளிப்போடுகிறது. அதாவது சர்க்கரை கூடக்கூட மாவு இளகி ஓடும் நேரம் நீள்கிறது. குறைந்தால் அந்த நேரமும் சுருங்கிவிடுகிறது.

சர்க்கரையின் மணி அளவும் கணக்கில் சேரும். பொடி மணியாக இருந்தால் சீக்கிரம் கரையும், குக்கீ கூடுதலாகப் பரவும். பெரிய மணி மெதுவாகக் கரையும். அப்படியானால் மிக நைசான ஐசிங் சுகர் போட்டால் இன்னும் பரவ வேண்டுமே என்று கேட்கலாம். பெரும்பாலான ஐசிங் சுகரில் கட்டி தட்டாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் சோளமாவு சேர்த்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சி, பரவுவதைக் கட்டுப்படுத்திவிடுகிறது.

இன்னொரு வேலையை ஓவனுக்குள் போவதற்கு முன்பே சர்க்கரை முடித்துவிட்டிருக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, கூர்மையான சர்க்கரை மணிகள் வெண்ணெயைக் கீறிக் கீறி உள்ளே காற்றைப் புகுத்துகின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுப்பது அந்தக் காற்றுக் குமிழிகளால்தான். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை வெளியிடும் வாயு ஏற்கெனவே இருக்கும் குமிழிகளுக்குள் போய் அவற்றைப் பெரிதாக்குகிறது. அடிக்கும்போது சோம்பல்பட்டால் பிறகு சோடாவை நம்பிப் பயனில்லை.

கடைசி மூன்று நான்கு நிமிடத்தில் நிறமும் மணமும் வரும். இதில் இரண்டு வேறு வினைகள் நடக்கின்றன. சர்க்கரை மட்டும் தனியாகக் கடும் சூட்டில் சிதைந்து பழுப்பாவது கேரமல் ஆதல். சில சர்க்கரைகள் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாவது மெயிலார்ட் வினை. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீல் மெயிலார்டின் பெயர் அது. குக்கீயின் மணத்தில் பெரும்பங்கு இரண்டாவது வினையுடையது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்றவை நேரடியாக இதில் இறங்கும். சுக்ரோஸ் முதலில் உடைந்து அந்த இரண்டுமாகப் பிரிந்தால்தான் இறங்க முடியும். தேன் சேர்த்த குக்கீ சட்டென்று சிவந்துவிடுவது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

மொறுமொறுப்பு என்பது கண்ணாடி

ஓவனிலிருந்து எடுத்தவுடன் குக்கீயைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் வேகவில்லை, மெத்தென்று இருக்கிறது" என்று மறுபடி உள்ளே தள்ளுவது நிறையப் பேர் செய்கிற காரியம். ஆறிய பிறகு பார்த்தால் பல் உடையும். சூடாக இருக்கும்போது குக்கீ மென்மையாகத்தான் இருக்க வேண்டும். மொறுமொறுப்பு ஓவனுக்கு வெளியே, ஆறும்போது வருகிறது.

கரைந்த சர்க்கரைப் பாகில் இருந்து தண்ணீர் பெருமளவு ஆவியாகிவிட்ட பிறகு, மிஞ்சுவது மிகக் கெட்டியான பாகு. அது வேகமாக ஆறும்போது சர்க்கரை மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக அடுக்கி நின்று படிகமாக மாற அவகாசம் கிடைப்பதில்லை. இருந்த இடத்தில், இருந்த கோலத்திலேயே உறைந்துவிடுகின்றன. ஒழுங்கில்லாத அடுக்கோடு உறைந்த இந்தத் திடத்துக்குக் கண்ணாடி நிலை என்று பெயர். உவமைக்குச் சொல்லவில்லை, அறிவியல்படியே அது ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குரிய குணமும் அதற்கு உண்டு: வளையாது, சட்டென்று உடையும். அந்த "கறுக்" சத்தம் அதனுடையது.

இதை வெறும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பிரான்சின் ட்வீல் பிஸ்கட்டைப் பாருங்கள். தாள் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பிச் சுட்டு, ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு பூரிக்கட்டை மேல் போட்டு வளைப்பார்கள். அந்த நொடியில் துணி மாதிரி வளையும். அரை நிமிடம் போனால் வளைந்த கோலத்திலேயே நின்றுவிடும், பிறகு வளைத்தால் நொறுங்கும். உள்ளே சீட்டு வைத்து மடிக்கும் ஃபார்ச்சூன் குக்கீயும் இப்படித்தான். மடிப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

ஈரமே இல்லாத சர்க்கரைக் கண்ணாடி ஏறத்தாழ 60–70 டிகிரி வரை கெட்டியாக இருக்கும். சில சதவீதம் ஈரம் சேர்ந்தாலே அந்த எல்லை மளமளவென்று இறங்கி அறை வெப்பநிலைக்கு வந்துவிடும். திறந்து வைத்த டப்பாவில் பிஸ்கட் நமுத்துப்போவது இதுதான். காற்றில் உள்ள ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது, கண்ணாடி மறுபடி பாகாக இளகுகிறது. பிஸ்கட் கெட்டுப்போகவில்லை. குறைந்த சூட்டில் சில நிமிடம் ஓவனில் வைத்து, ஆறவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ரொட்டியும் கேக்கும் இதற்கு நேரெதிர். வைத்திருந்தால் அவை இறுகுகின்றன. ஈரம் வெளியேறுவது ஒரு காரணம், ஒருமுறை குழைந்த ஸ்டார்ச் மறுபடி இறுகுவது இன்னொரு காரணம். இந்த வித்தியாசம் ஒரு வரி வழக்கிலேயே பேசப்பட்டது. பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம், சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு முழு வரி. மெக்விட்டீஸ் நிறுவனத்தின், சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் இந்த இரண்டில் எது என்ற கேள்வி 1991-இல் தீர்ப்பாயத்துக்குப் போனது. பிஸ்கட் அளவிலும், பிஸ்கட் அடுக்கும் இடத்திலும்தான் அது விற்கப்பட்டது. ஆனாலும் கேக் என்றே தீர்ப்பானது. வைத்திருந்தால் அது நமுக்காமல் இறுகிப்போகிறது என்பதும் அங்கே எடுத்துக்கொள்ளப்பட்ட அம்சங்களில் ஒன்று. வரி அதிகாரிகளுக்கும் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் வகுப்பெடுத்த சம்பவம்!

சுருக்கமாக: சூட்டில் பாகு, ஆறினால் கண்ணாடி, ஈரம் பட்டால் மறுபடி பாகு. மொறுமொறு பிஸ்கட்டின் வாழ்க்கை இவ்வளவுதான்.

இழுபடும் குக்கீயின் ரகசியம் பிரவுன் சுகர்

எல்லோருக்கும் மொறுமொறுப்பு பிடிக்காது. நடுவில் மெத்தென்று, கடித்தால் கொஞ்சம் இழுபட வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது கண்ணாடியாக உறையாத பாகு. பிரவுன் சுகரில் கரும்புப் பாகின் கசடான மொலாசஸ் கலந்திருக்கிறது. அதில் ஓரளவு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. ஃபிரக்டோஸ் ஈரத்தை சுக்ரோஸைவிட இறுக்கமாகப் பிடித்துவைக்கும். இரண்டு மூன்று வகைச் சர்க்கரை கலந்திருப்பதால் படிகமாவதும் கடினம். ஆகவே ஆறிய பிறகும் நடுப்பகுதி கெட்டிப் பாகாகவே தங்கிவிடுகிறது. தேனும் அதே வேலையைச் செய்யும். ஆனால் தேனில் 17–18 சதவீதம் தண்ணீரும் சேர்ந்தே வருவதால் அளவு மாற்றாமல் அப்படியே போட முடியாது.

1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டின் சாக்லேட் சிப் குக்கீயில் வெள்ளைச் சர்க்கரையும் பிரவுன் சுகரும் இரண்டுமே உண்டு. ஓரத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளையை மட்டும் போட்டால் மெல்லிசாகப் பரவி மொறுமொறுக்கும். பிரவுனை மட்டும் போட்டால் தடிமனாக, மென்மையாக வரும். வேறு எதையும் மாற்றாமல் இந்த விகிதத்தை மட்டும் மாற்றிச் சுட்டுப் பாருங்கள், சர்க்கரை பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட அதிகம் புரியும்.

ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட் தனிக்கதை. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. முட்டை கிடையாது. வெண்ணெயில் உள்ள சொற்பத் தண்ணீர் போதாமல் சர்க்கரையே முழுசாகக் கரைவதில்லை. அதனால் அது பரவுவதும் இல்லை, வாயில் மணல்மணலாக உதிர்கிறது.

மைதா இல்லாத இடத்தில்: மெராங்

மக்கரோனுக்குப் போகும் முன் மெராங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து எடுக்கும் கெட்டி நுரைதான் மெராங். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது சுருண்டு கிடக்கும் புரதங்கள் பிரிந்து விரிகின்றன. விரிந்தவை காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படிந்து, ஒன்றோடொன்று கைகோத்துச் சுவராகின்றன.

சர்க்கரை போடாமல் அடித்த நுரையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். குமிழிகளுக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் வடிந்துவிடுவதால் சுவர்கள் மெலிந்து குமிழிகள் உடைகின்றன. சர்க்கரை சேர்ந்தால் அந்தத் தண்ணீர் பாகாகிறது, பாகு அவ்வளவு சீக்கிரம் வடியாது. நுரை நிற்பது இதனால்தான். இதிலும் பழைய கதைதான்: சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஆனால் நேரம் முக்கியம். ஆரம்பத்திலேயே மொத்தச் சர்க்கரையையும் கொட்டினால் நுரை எழும்ப வெகு நேரமாகும். ரொம்பத் தாமதித்தால் நுரை வறண்டு திரிந்துவிடும். மென்மையான நுரை வந்ததும் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பது நடுவழி. கரைந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நெருநெருவென்று மணல் தட்டுப்பட்டால் இன்னும் அடிக்க வேண்டும். வழவழவென்று இருந்தால் சரி.

இப்படிச் சர்க்கரையை நேரடியாகச் சேர்ப்பது பிரெஞ்சு முறை. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்கிக் கரைத்த பிறகு அடிப்பது சுவிஸ் முறை. சர்க்கரையைத் தண்ணீரில் 118 டிகிரிவரை காய்ச்சி, அந்தப் பாகை அடித்துக்கொண்டிருக்கும் நுரையில் நூலாக ஊற்றுவது இத்தாலிய முறை. மூன்றிலும் மக்கரோன் செய்கிறார்கள். இத்தாலிய முறையில் பாகின் சூடு நுரையின் புரதத்தை ஓரளவு வேகவைத்துவிடுவதால், அது கடைசிவரை அசையாமல் நிற்கிறது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது சுவிஸ் முறைதான். கொதிக்கும் பாகோடு போராட வேண்டாம், சர்க்கரை கரையவில்லையோ என்ற கவலையும் இல்லை.

மக்கரோன்: அதிர்ஷ்டம் அல்ல, ஈரக் கணக்கு

பாதாம் மாவு, சர்க்கரை, வெள்ளைக்கரு. மக்கரோன் ஓட்டில் இருப்பது அடிப்படையில் இந்த மூன்றுதான். பிரான்சின் நான்சி நகரத்து மக்கரோன் இன்றும் மேலே வெடிப்புகளோடு, ஒற்றை ஓடாக, நடுவில் எதுவும் வைக்காமல்தான் இருக்கிறது. வழவழப்பான இரண்டு ஓடுகளுக்கு நடுவில் கிரீம் வைத்து ஒட்டிய, வண்ண வண்ணமான மக்கரோன் பாரிஸ் பாணி. எல்லோரையும் பாடாய்ப் படுத்துவது அதுதான்.

ஒரு வழக்கமான அளவை எடுத்துக்கொள்வோம்: பாதாம் மாவு 150 கிராம், ஐசிங் சுகர் 150 கிராம், வெள்ளைக்கரு 110 கிராம், சர்க்கரை 150 கிராம். மொத்தம் 560 கிராமில் சர்க்கரை மட்டும் 300 கிராம், பாதிக்கும் மேல். வெள்ளைக்கருவில் இருக்கும் தண்ணீர் 100 கிராம்கூட இருக்காது. அந்தத் தண்ணீரில் அறை வெப்பநிலையில் கரையக்கூடியது 200 கிராம் சர்க்கரைதான். அதாவது மக்கரோன் கலவை என்பது தண்ணீரால் தாங்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏற்றப்பட்ட ஒன்று. இதில் ஒரு கரண்டித் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். மக்கரோன் கோபக்காரப் பண்டம் என்று பெயர் வாங்கியதற்குக் காரணம் இதுதான். வெள்ளைக்கருவை முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்வார்களே, அதன் பலனில் பெரும்பகுதி கொஞ்சம் ஈரம் ஆவியாவதுதான். எடை போட்டுச் சரியாக அளந்தால் புது முட்டையிலும் நன்றாக வரும்.

மெராங்கோடு பாதாம்-ஐசிங் சுகர் கலவையைச் சேர்த்து மடித்து மடித்துக் கலக்கும் வேலைக்கு மக்கரோனாஜ் என்று பெயர். கேக்குக்கு நுரை உடையாமல் கலக்கச் சொல்வார்கள். இங்கே வேண்டுமென்றே கொஞ்சம் உடைக்க வேண்டும். பாதாமின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், எண்ணெய்க்கும் நுரைக்கும் ஆகாது. ஆகவே கலக்கக் கலக்கக் குமிழிகள் குறைந்து கலவை இளகும். கரண்டியைத் தூக்கினால் பட்டையாக மடிந்து விழுந்து, விழுந்த தடம் சில நொடிகளில் மெல்ல மறைய வேண்டும். தடம் அப்படியே நின்றால் ஓட்டின் மேல் கூம்பு நிற்கும். உடனே மறைந்தால் தட்டில் ஓடிவிடும்.

பிழிந்த வட்டங்களை உடனே ஓவனில் வைக்காமல் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெளியே வைப்பது வழக்கம். மேல்பரப்பில் இருந்து ஈரம் ஆவியாகி, அங்கே கெட்டியான பாகும் புரதமும் சேர்ந்து ஒரு மெல்லிய தோலாகின்றன. விரலால் தொட்டால் ஒட்டாது. அந்தத் தோலுக்குத்தான் இவ்வளவு பாடு. 150 டிகிரி அளவில் ஓவனுக்குள் போனதும் உள்ளே காற்று விரிகிறது, தண்ணீர் ஆவியாகிறது. மேலே போக வழியில்லை, தோல் தடுக்கிறது. ஓரம் இன்னும் ஈரமாக, தட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும் இடத்தில் அழுத்தம் வெளியேறுகிறது. தோல் மொத்தமாக மேலெழும்ப, அடியில் நுரை நுரையாகச் சுருக்கம் விழுந்த ஒரு விளிம்பு உருவாகிறது. இதைத்தான் மக்கரோனின் "கால்" என்கிறார்கள். தோல் சரியாகக் கட்டவில்லை என்றால் ஆவி மேல்பக்கமே கிழித்துக்கொண்டு போகும். வெடித்த மக்கரோனில் கால் பெரும்பாலும் இருக்காது, காரணம் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் மக்கரோன் சரியாக வராது என்று சொல்வது இந்த இடத்தில் மட்டும் உண்மை. காற்றில் ஈரம் அதிகமானால் சர்க்கரை ஈரத்தை விடாது, மேலும் இழுத்துக்கொள்ளும், தோல் கட்ட நேரமாகும். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் தொட்டுப் பார்த்து முடிவு செய்தால் மழையிலும் செய்யலாம்.

சரி, சுட்டு எடுத்துக் கிரீம் வைத்து ஒட்டியாகிவிட்டது. உடனே சாப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஓடு முழுக்கப் பொரபொரப்பு, உள்ளேயும் வறட்சி. மூடிய டப்பாவில் போட்டு ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்த பிறகுதான் அது மக்கரோன். கிரீமில் உள்ள ஈரத்தை ஓட்டின் உள்பக்கச் சர்க்கரை மெல்ல இழுத்துக்கொள்கிறது. உள்பக்கக் கண்ணாடி இளகி மெத்தென்றாகிறது. வெளித்தோல் மட்டும் மெல்லிய மொறுமொறுப்போடு மிஞ்சுகிறது. பிஸ்கட்டில் நமுப்பு என்று திட்டும் அதே சமாசாரம், இங்கே பதமாக வருவதற்கு அவசியமான கட்டம்.

இந்தப் பகுதியின் சாரம்: தண்ணீர் குறைவு, சர்க்கரை மிக அதிகம். மேல்தோல் காய்ந்தால் கால் எழும்பும், மறுநாள் ஈரம் உள்ளே போனால் பதம் வரும்.

சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு

குறைக்கவே கூடாதா? சாதாரணக் குக்கீயில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் குறைத்தால் பரப்பும் நிறமும் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் உங்களுக்குச் சரி என்றால் தாராளமாகக் குறைக்கலாம், உருண்டையைச் சுடுவதற்கு முன்பே கையால் தட்டையாக்கிவிடுங்கள். அளவு மாற்றாமல் குக்கீயைச் சின்னதாகச் செய்வது இன்னும் புத்திசாலித்தனம்.

செயற்கை இனிப்பூட்டிகள் இங்கே ஏன் தடுமாறுகின்றன என்பதும் இப்போது தெரியும். சுக்ரலோஸ் சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. 200 கிராம் சர்க்கரையின் இனிப்பை ஒரு சிட்டிகையில் தந்துவிடும். அந்த 200 கிராம் செய்துகொண்டிருந்த மற்ற வேலைகளை யார் செய்வது? எரித்ரிட்டால் எடையளவில் ஈடுகொடுக்கும். ஆனால் அது சர்க்கரை அளவுக்குத் தண்ணீரில் கரையாது, ஆறியதும் மறுபடி படிகமாகிவிடும், நாக்கில் புதினா சாப்பிட்டது மாதிரி ஒரு குளிர்ச்சியும் விட்டுப்போகும்.

மக்கரோன் ஓட்டில் மட்டும் கை வைக்க வேண்டாம். தித்திப்பு தாங்கவில்லை என்றால் நடுவில் வைக்கும் கிரீமை மாற்றுங்கள். அதிகக் கோகோ உள்ள கசப்புச் சாக்லேட்டும் கிரீமும் சேர்த்த கனாஷ் ஓட்டின் இனிப்பைப் பாதியாகத் தோன்றவைக்கும். எலுமிச்சை இன்னும் நன்றாக எடுபடும். ஆனால் எலுமிச்சைக் கர்டில் (எலுமிச்சைச் சாறு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கூழில்) தண்ணீர் அதிகம், அப்படியே தடவினால் மறுநாள் ஓடு கூழாகிவிடும். ஓட்டின் ஓரத்தைச் சுற்றி வெண்ணெய்க் கிரீமால் ஒரு வளையம் பிழிந்து, நடுவில் இருக்கும் குழியில் மட்டும் ஒரு சொட்டு கர்ட் வைத்தால் ஓரங்கள் காய்ந்தே இருக்கும், புளிப்பும் கிடைக்கும்.